யாருமில்ல இருக்காங்களா

வெயிலும் தூறலும் ஒரே பகலில் மாறி மாறி வந்து துணியைக் காயவிடாத ஓசூரில், ரோஜாத் தோட்டம் இருந்த இடத்தில் எழும்பிய அடுக்குமாடி ஒன்றின் மூன்றாவது மாடியில், பாளையங்கோட்டையிலிருந்து வாழவந்த பெனிட்டா என்ற பெண், தன் பெயரை யாரும் சொல்லிக் கேட்காத பகல்கள் எத்தனையோ கழிந்த பிறகு, வாசலில் நின்ற கூரியர்காரரிடம் ஒரு வார்த்தை சொன்னாள். அந்த வார்த்தை வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

கூரியர்காரர் கேட்டது வழக்கமான கேள்விதான். இடுப்பில் குழந்தையோடு நின்றவளை நேராகப் பார்த்துக்கொண்டே, "வீட்ல யாரும் இல்லையாம்மா?" என்று கேட்டார். அவளும் வழக்கமான பதிலைத்தான் சொன்னாள். அவள் அம்மா சொன்ன பதில், அத்தைமார் சொன்ன பதில், கதவைப் பாதி திறந்து நின்ற எல்லாப் பெண்களும் எல்லா ஊரிலும் சொன்ன பதில். "வீட்ல யாரும் இல்லண்ணே." உள்ளறையில் நைட் ஷிஃப்ட் முடித்த ரூபன் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தான், அவனை எழுப்பக் கூடாது; அவளும் குழந்தையும் கணக்கில் வருகிறவர்கள் இல்லை; அதனால் அது பொய்யும் இல்லை, மெய்யும் இல்லை. அப்போது ஹாலில் இருந்த பிரம்பு நாற்காலி முனகியது, பேர் சொல்லிக் கூப்பிட்டதும் "இதோ இருக்கேன்" என்று ஒருவர் நிமிர்ந்து உட்காரும்போது முனகுமே, அதே மாதிரி.

திரும்பிப் பார்த்தாள். நாற்காலியில் யாரும் இல்லை. ஆனால் பிரம்பு தொய்ந்திருந்தது, ஆள் கனத்துக்கு. பூட்டிவைத்த அலமாரியைத் திறந்தால் வரும் வாடை வந்தது. இடுப்பிலிருந்த லியா, பல் முளைக்கிற எரிச்சலில் காலையிலிருந்து சிணுங்கிக்கொண்டிருந்த லியா, சிணுங்கலைப் பாதியில் விட்டுவிட்டு நாற்காலியைப் பார்த்துச் சிரித்தாள்.

கான்வென்டில் சிஸ்டர் பெர்னதெத் மாரல் வகுப்பில் சொல்வார்: "யாரும் இல்லைன்னு நினைக்கிற இடத்துலயும் ஒருத்தர் இருக்கார், மறந்துடாதீங்க." அவர் சொன்ன ஒருத்தர் இவர்தானா என்று பெனிட்டாவுக்குத் தெரியவில்லை. சிலுவை போட்டாள். நாற்காலி அசையவில்லை, கோபித்துக்கொண்டதாகவும் தெரியவில்லை. பேயாக இருந்தால் போயிருக்கும், கடவுளாக இருந்தால் ஏதாவது சொல்லியிருப்பார், இரண்டும் இல்லாத ஒன்றை என்ன செய்வது என்று அந்தப் பள்ளியில் யாரும் சொல்லித்தரவில்லை. ஆகவே அவள் குழந்தையை இன்னொரு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, அடுப்பில் வைத்த பாலை இறக்கப் போனாள்.

சாயங்காலம் எழுந்து வந்த ரூபனிடம் சொன்னாள். அவன் ஒரு கையில் டீயும் ஒரு கையில் போனுமாகக் கேட்டான்.

"யாரு இருக்குதாங்கே?"

"யாரும் இல்ல. அதத்தான் சொல்லுதேன். யாருமில்ல இருக்கு. நாற்காலில."

"ஏ பெனி, யாரும் இல்லாத எடத்துல யாருமில்ல இருந்தா என்னட்டி? சோறு கேக்குதா, வாடக கேக்குதா? இருந்துட்டுப் போட்டும்." சொல்லிவிட்டு அவன், எப்போதும் தன் பையைத் தூக்கிப் போடுகிற அந்த நாற்காலியை ஒரு கணம் பார்த்து, பையைத் தரையில் வைத்தான். அன்றிலிருந்து தரையிலேயேதான் வைத்தான்.

இப்படியாக யாருமில்ல அந்த வீட்டில் தங்கிவிட்டது.

முதலில் அது உபகாரமாகத்தான் இருந்தது. விளக்கு வைக்கிற நேரத்தில் வீறிட்டு அழ ஆரம்பித்து ஊரையே கூட்டுகிற லியா, பிரம்பு நாற்காலியில் உட்கார வைத்தால் அந்தத் தொய்வுக்குள், மடிக்குள் சாய்ந்த மாதிரி, விரலைச் சப்பிக்கொண்டு கிடந்தாள். பெனிட்டா முதல் தடவையாகச் சூடாக இருக்கும்போதே சோறு சாப்பிட்டாள். முதல் தடவையாகத் தலைக்குக் குளித்து, ஈரம் காயும்வரை ஜன்னலோரம் நின்றாள். நன்றி சொல்ல வேண்டும் என்று தோன்றியது, "தேங்க்யூ" என்று கான்வென்ட் பழக்கத்தில் சொல்லிவிட்டாள், சொன்ன பிறகு யாருக்குச் சொன்னோம் என்று உடம்பெல்லாம் சிலிர்த்தது.

எதிர்வீட்டு சுலோச்சனா அம்மாவுக்கு விஷயம் எப்படித் தெரிந்தது என்றால், அதுவும் ஒரு வார்த்தையால்தான். பெனிட்டா பால் பாக்கெட் வாங்கக் கீழே வந்திருந்தாள், கையில் குழந்தை இல்லை. கோபிச்செட்டிபாளையத்துக்காரியான சுலோச்சனா, மகனைக் கனடாவுக்கு அனுப்பிவிட்டு, அரைப்படி அரிசிக்குக் குறைவாக உலை வைக்கத் தெரியாமல் தினமும் பாதிச் சோற்றில் தண்ணீர் ஊற்றிவைக்கிறவள், லிஃப்ட் வாசலில் மறித்துக் கேட்டாள்.

"ஏங்கண்ணு, பாப்பாவ ஆரு பாத்துக்கறாங்க?"

"யாருமில்ல பாத்துக்குது, ஆன்ட்டி."

சுலோச்சனா கிட்டே வந்தாள். அந்தப் பெண்ணின் முகத்தில் கேலி இல்லை என்று பார்த்தாள். "ஆருமில்லயா?" என்றாள். "அட, என்ற ஊட்லயுந்தான் எந்நேரமும் ஆருமில்ல. ஆனா உருவா ஒரு எடத்துல உக்கார மாட்டேங்குது பாரு. உன்னுது உக்காந்துருச்சா?" சொல்லிவிட்டு, அழைக்கக் காத்திராமல் கூடவே மேலே வந்தாள், நாற்காலிக்கு எதிரே சோபா நுனியில் உட்கார்ந்தாள், முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள், அப்புறம் பேச ஆரம்பித்தாள். மகன் ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வருகிறான் என்றும், வந்தால் அவன் முகத்தைவிட ஓரத்தில் சின்னதாகத் தெரிகிற தன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றும், நான் இப்படியா இருக்கிறேன் என்று வெட்கமாக இருக்கிறது என்றும் சொன்னாள். பெனிட்டா கேட்கக் கூடாதென்று சமையலறைக்குள் போனாள். போகும்போது சுலோச்சனாவின் குரல் அவ்வளவு மெதுவாக, அவ்வளவு வயது குறைந்து இருந்ததைக் கேட்டு, அவளுக்கே அழுகை வந்தது.

பிறகு மாடி வீட்டு ஷம்ஷாத் வந்தாள். மாமனார், மாமியார், கொழுந்தன்கள், அவர்கள் பிள்ளைகள் என்று வீடு கொள்ளாத கூட்டத்தில் இருக்கிறவள். அவளிடம் "உப்பு கம்மி" என்பதைத் தவிர வேறெதுவும் யாரும் சொல்வதில்லை. அவள் பிரியாணி மசாலா வாசம் மாறாத கையோடு வந்து, கதவருகே நின்று, "யாருமில்ல இருக்காங்களா?" என்று கேட்டாள்.

"இருக்கு. உள்ள வாங்க."

"நீங்க?"

"நான் அடுக்களையில இருக்கேன். நீங்க பேசுங்க."

இப்படிக் கீழ் வீடு, பக்கத்து வீடு, பின் பிளாக் என்று பகல் சாய்கிற நேரத்தில் ஒவ்வொருத்தராக வந்தார்கள், ஒருத்தி படியிறங்கும்வரை மற்றவள் மாடி வளைவில் துணி உலர்த்துவதுபோல நின்று, ஒருவரையொருவர் பார்க்காமல் வந்தார்கள். குடியிருப்போர் சங்கச் செயலாளர் வரதராஜன்கூட வந்தார். வந்தவர் முதலில் விறைப்பாகத்தான் பேசினார்: "ஒரு வீட்டுல எத்தனை பேர்னு சங்கத்துக்குத் தெரிஞ்சாகணும்மா. இது விருந்தாளியா, நிரந்தரமா?" யாருமில்லதான் சார் என்றாள் பெனிட்டா. "அப்ப பிரச்சினை இல்ல" என்றவர் போகவில்லை. பாத்ரூமில் ஒழுகுகிறதா என்று பார்ப்பதாகச் சொன்னார், பார்க்கவும் செய்தார், திரும்பி வந்து நாற்காலி எதிரில் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். மனைவி போன பிறகு டிவியில் செய்தி வாசிக்கிற பெண் "வணக்கம்" சொன்னால் தான் பதில் வணக்கம் சொல்வதை, அடுக்களையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் காதில் விழாத குரலில் சொல்ல அவர் முயன்றார். முடியவில்லை, சத்தமாகத்தான் வந்தது.

அந்த அடுக்குமாடியில் பேச்சே மாறிப்போனது. கணவன்மார், "அந்த விஷயத்த யார்கிட்டயாவது சொன்னியா?" என்று கேட்டால் பெண்கள் கூசாமல், "யாருமில்ல கிட்ட மட்டும்" என்றார்கள், கேட்டவர்களும் நிம்மதியாகச் சாப்பிடப் போனார்கள். பண்டிகைக்குப் பலகாரம் வந்தது, "யாருமில்லைக்கு" என்று சொல்லித்தான் வந்தது, பெனிட்டாவின் கையில் கொடுத்தாலும் கண் அவளைத் தாண்டி ஹாலுக்குள் போனது. வீட்டுக்கு இத்தனை பேர் வந்தும், பெனிட்டா என்று ஒருத்தி இருப்பதாகவே யாருக்கும் நினைவில்லை. அவளுக்கும் ஒரு நாள் ஆசை வந்தது, தானும் போய் அந்த நாற்காலி எதிரே உட்கார்ந்து பேசினால் என்ன என்று. உட்கார்ந்தாள். பிரசவ வார்டில் குழந்தையை நெஞ்சில் போட்டபோது சந்தோஷம் வரும் என்று காத்திருந்ததையும், பயம் மட்டுமே வந்ததையும், அது இன்னும் போகவில்லை என்பதையும், இதைப் பெற்றவள் நான்தானா என்று குழந்தையின் காது மடலைத் தன் காது மடலோடு கண்ணாடியில் ஒப்பிட்டுப் பார்ப்பதையும் சொல்ல வாயெடுத்தாள். எதுவும் வெளியே வரவில்லை. மற்றவர்களுக்கெல்லாம் அது வெளியாள். அவளுக்கு அது அவள் வாயிலிருந்தே வந்தது, அதனிடம் போய் எதைச் சொல்வது?

அதற்குள் லியா மாறியிருந்தாள். பெனிட்டா கை நீட்டினால் வருவாள், தூக்கினால் இருப்பாள், இறக்கிவிட்டால் அழமாட்டாள். கடைக்குப் போய்த் திரும்பி வந்து "பாப்பா" என்றால், சுவரில் வெளிச்சம் மாறியதைப் பார்க்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி நாற்காலியின் காலைப் பிடித்து விளையாடுவாள். ஊரிலிருந்து போனில் அம்மா, "பிள்ள உன்னயத் தேடுதா? நீ நவுந்தா அழுதா?" என்று கேட்டாள். "இல்லம்மா, சமத்தா இருக்கா." "கொடுத்துவச்சவ நீ" என்றாள் அம்மா. போனை வைத்த பிறகு பெனிட்டா நெடுநேரம் அந்த வார்த்தையையே பார்த்துக்கொண்டு நின்றாள். என் பிள்ளை என்னைத் தேடவில்லை. யாருமில்ல போதும் என்று அதற்கு ஆகிவிட்டது. இதை அனுப்பிவிடலாமா என்றால், அனுப்பினால் குழந்தையை யார் பார்ப்பது என்ற பயம். வைத்துக்கொள்ளலாமா என்றால், தன்னைப் பிள்ளை மறந்தே போகும் என்ற பயம். இரண்டு பயத்துக்கும் நடுவில் அரிசி களைந்தாள், துணி மடித்தாள், ஒரு சட்டையையே திரும்பத் திரும்ப மடித்தாள்.

ரூபன் டே ஷிஃப்டுக்கு மாறி, பகலில் வேலைக்குப் போன வாரத்தில், காற்று பலமாக அடித்த ஒரு முற்பகலில், சுலோச்சனா கொடுத்துவிட்டிருந்த தூக்குச்சட்டியைத் திருப்பிக் கொடுக்க பெனிட்டா வெளியே வந்தாள். காலிச் சட்டியாகக் கொடுக்கக் கூடாதென்று இரண்டு கை சர்க்கரை அள்ளிப்போட்டிருந்தாள். எதிர்க்கதவு மணியை அடித்தாள், அவ்வளவுதான், பின்னால் காற்று வந்து அவள் கதவைச் சாத்தியது. பூட்டு தானாக விழுகிற பூட்டு. சாவி உள்ளே. போன் உள்ளே. பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு, குழந்தையைக் குளிப்பாட்டுகிற அகலமான தொட்டி நிரம்பட்டும் என்று வந்திருந்தாள். தண்ணீர் விழுகிற சத்தம் கதவு வழியாகக் கேட்டது. லியாவுக்குத் தண்ணீர்ச் சத்தம் என்றால் உயிர்.

சுலோச்சனா கதவைத் திறந்தவள் இவள் முகத்தைப் பார்த்தாள்.

"என்னாச்சு கண்ணு? உள்ள ஆரு இருக்கறாங்க?"

"பாப்பா."

"கூட?"

"யாருமில்ல."

"அப்பறம் எதுக்குச் சாமி மூஞ்சி இப்படி வெளுத்துப்போச்சு? அதையத் தொறக்கச் சொல்லு." அவளே கதவைத் தட்டினாள். "ஏனுங், ஆருமில்லைங்! கதவத் தொறங்க!"

சத்தம் கேட்டு ஷம்ஷாத் மேலிருந்து இறங்கினாள், வரதராஜன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறி வந்தார், பின் பிளாக் பெண்கள் வந்தார்கள். அந்த வராந்தாவில் அவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் நிற்பது அதுதான் முதல் தடவை, நீங்களுமா, நீங்களுமா என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, உடனே வேறு பக்கம் பார்த்தார்கள். ஒவ்வொருவரும் தனக்குத்தான் அது நெருக்கம் என்று நினைத்திருந்தார்கள், அதனால் ஒவ்வொருவரும் தனக்கே உரிய குரலில் கூப்பிட்டார்கள். "யாருமில்ல, நாந்தான் ஷம்ஷாத், திறங்க." "சார், செகரட்டரி பேசறேன்." உள்ளே நாற்காலி ஒரு தடவை முனகியது. எல்லோரும் கதவில் காதை வைத்தார்கள். காலடி வரவில்லை. தாழ்ப்பாள் அசையவில்லை. குழந்தையின் உள்ளங்கைகள் தரையில் தட்டுகிற சத்தம் மட்டும், தப் தப் என்று, ஹாலிலிருந்து பாத்ரூம் பக்கமாக நகர்ந்தது. ஒரு சிரிப்பும் கூடவே போனது.

"பயப்படாதம்மா, யாருமில்ல பாத்துக்கும்" என்றார் வரதராஜன்.

அப்போது பெனிட்டா கத்தினாள். தன்னிடம் அப்படி ஒரு குரல் இருப்பது அவளுக்கே தெரியாது. கான்வென்டில் அடக்கிய குரல், மாமியார் வீட்டில் அடக்கிய குரல், தூங்குகிறவனுக்காக அடக்கிய குரல் எல்லாம் ஒன்றாய் வந்தது.

"உள்ள யாரும் இல்ல! கேக்குதா உங்களுக்கு? என் பிள்ள கூட யாரும் இல்ல!"

அதே வார்த்தைதான். ஆனால் இந்தத் தடவை அது பேராக விழவில்லை, வெறும் சேதியாக விழுந்தது; வராந்தாவில் நின்ற ஒவ்வொருவருக்கும் வித்தியாசம் புரிந்தது. வரதராஜன், அந்த வயதில், படிகளைத் தாவி இறங்கி மோட்டார் ரூமுக்குக் கடப்பாரை எடுக்க ஓடினார். சுலோச்சனா தூக்குச்சட்டியைப் பிடுங்கி, சர்க்கரை சிதறச் சிதற, கதவில் அடித்தாள், "தங்கம், இங்க பாரு, டமடம பாரு." ஷம்ஷாத் தரையில் கவிழ்ந்து, கதவுக்கும் தரைக்கும் இடையிலிருந்த சந்தில் வாயை வைத்து, அவள் வீட்டில் யாருமே கேட்டிராத ஒரு தாலாட்டைப் பாடினாள். பின் பிளாக்காரி விசில் அடித்தாள், அவளுக்கு விசில் வரும் என்பதே அன்றுதான் தெரிந்தது. பெனிட்டா என்ன சொன்னாள் என்று அவளுக்கு நினைவில்லை. பிள்ளையின் பேரையே சொல்லிக்கொண்டிருந்தாள் போல.

உள்ளே தப் தப் நின்றது. பிறகு, எவ்வளவு நேரம் கழித்தோ, திரும்பிக் கிட்டே வந்தது. கதவின் அடியில் நான்கு விரல் நுனிகள் தெரிந்தன. பெனிட்டா குப்புறப் படுத்து அந்த விரல்களைத் தன் விரலால் தொட்டாள். ஈரமில்லை.

குழந்தை நகர்ந்த தருணம் பார்த்து வரதராஜன் கடப்பாரையை நெம்பினார், பூட்டு தெறித்தது, கதவு திறந்தது. முதலில் உள்ளே பாய்ந்தது பெனிட்டாதான், ஆனால் அவள் கால் அவளைப் பாத்ரூமுக்குக் கொண்டுபோயிற்று. பாத்ரூம் கதவு சாத்தியிருந்தது. வெளியே, குழந்தைக்கு எட்டாத உயரத்தில், தாழ்ப்பாள் போட்டிருந்தது. நான்தான் போட்டேனா? போட்ட நினைவு இல்லை. போடாத நினைவும் இல்லை. அடியிலிருந்து தண்ணீர் கசிந்து வந்து அவள் பாதத்தைத் தொட்டது. ஹாலைத் திரும்பிப் பார்த்தாள்: பிரம்பு நாற்காலியின் தொய்வு மெல்ல, மாவு உப்புவதுபோல, மேலெழுந்து சமமாகிக்கொண்டிருந்தது. அங்கே நின்ற எல்லோரும் அதைப் பார்த்தார்கள். ஒருத்தி போய்க் குழாயை மூடினாள், ஒருத்தி துடைப்பம் எடுத்தாள், ஷம்ஷாத் முதல் தடவையாக அந்த அடுக்களைக்குள் நுழைந்து, "டீத்தூள் எங்கம்மா இருக்கு, பெனிட்டா?" என்று கேட்டாள், தன் பேரைக் கேட்ட பெனிட்டா மேல் தட்டைக் கை காட்டினாள். காட்டிவிட்டு வெளியே வந்து, வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

லியாவைத் தரையிலிருந்து வாரி எடுத்தவள் சுலோச்சனா. அகலமான, பவுடர் வாசம் வீசுகிற, உண்மையான இடுப்பு. அதில் உட்கார்ந்து லியா சுற்றிலும் இருந்த முகங்களைப் பார்த்தாள், ஒன்றொன்றாக, இத்தனை முகமா என்பதுபோல. கண்ணாடி போட்ட முகம். முக்காடு போட்ட முகம். சர்க்கரை ஒட்டிய முகம். தன்னைப் பிடித்திருக்கும் கை யாருடையது என்று குனிந்து பார்த்தாள். விவரம் தெரிந்து முதல் தடவையாக, அப்பாவும் அம்மாவும் யாருமில்லையும் அல்லாத ஒருவர் கையில் அவள் இருந்தாள். கீழுதடு பிதுங்கியது. தலையைத் திருப்பி அங்கும் இங்கும் தேடினாள், வாசல் பக்கம் பார்த்தாள், பார்த்ததும் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு, உடம்பே வளைந்து விழுந்துவிடும்போல முன்னால் சாய்ந்து, மாடி முழுக்கக் கேட்கும்படி அழ ஆரம்பித்தாள்.

பெனிட்டா அந்தக் கைகளைப் பார்த்தாள். குழந்தை இப்படி யாரைக் கூப்பிடுகிறது என்று தெரிந்துகொள்ள, பின்னால் திரும்பிப் பார்த்தாள். மீட்டர் பெட்டிகளும் மாடிப்படியும் இருந்தன.

"ஆரப் பாக்கற கண்ணு அங்க?" என்றாள் சுலோச்சனா. "உன்னயத்தான் கூப்புடுது. வந்து புடி, எனக்கு இடுப்பு நோவுது."